நோன்பு மாதத்தின் சொற்கள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலைக்கு வரும் வழியில், மலையாளம் எவ்விடத்தில் முடிந்து தமிழ் எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை ஒருவராலும் கோடிட்டுக் காட்ட இயலாது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. என் ஊராகிய காரக்கோணம் அவ்வட்டத்தின் எல்லையோரத்தில் உள்ளது. சொற்களைத் துருவிப் பார்ப்பது என் பிழைப்பு. ஆகவே, ரமலான் மாதத்து வழிபாட்டைப் பற்றிப் பேச வந்த நான் சொற்களிலிருந்தே தொடங்குவதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் மக்களுள் தமிழ் பேசுவோர் உண்டு. மலையாளம் பேசுவோரும் உண்டு. ஒருவர் 'நோன்பு' என்பார்; மற்றவர் 'நோம்பு' என்பார். பள்ளி, பெருநாள், பாங்கு ஆகிய சொற்கள் இருவருக்கும் பொது. தமிழில் 'தொழுகை' எனப்படுவது மலையாளத்தில் 'நிஸ்காரம்' ஆகிறது. இச்சொற்களில் பல இஸ்லாம் இக்கரைக்கு வருமுன்பே இங்கு வழங்கியவை. பாவை நோன்பைத் தமிழர் யாவரும் அறிவர். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்திற்கும் பள்ளி என்றே பெயர். புதிய சமயத்தைத் தழுவியவர்கள் பழைய சொற்களைக் கைவிடவில்லை. அவற்றுக்குப் புதிய பொருளைத் தந்து வாழ வைத்தார்கள். வடக்கே வாழும் நேயர்கள் கேட்டுப் பழகிய ரோஜா, நமாஸ் என்னும் சொற்களோ பாரசீகத்தின் வழியே வந்தவை. ஆயினும் ஓர் ஒற்றுமை வியப்பைத் தருகிறது. மாலையில் உண்பதை நாம் 'நோன்பு திறத்தல்' என்கிறோம். மலையாளத்தார் 'நோம்பு துற' என்கின்றனர். உருதுவிலும் 'ரோஜா கோல்னா' என்பதற்கு நோன்பைத் திறப்பது என்பதே பொருள். பகலெல்லாம் அடைத்து வைத்த கதவை அந்தியில் திறப்பதாக மூன்று மொழியினரும் எண்ணியிருக்கின்றனர்.

ரமலான் ஹிஜ்ரி ஆண்டின் ஒன்பதாம் மாதம். சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்களே ஆதலால், அம்மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். இடவப்பாதி மழையிலும் நோன்பு வரும். மீன மாதத்து வெயிலிலும் வரும்.

நோன்பின் முதற் சொல் நிய்யத்து. உள்ளத்தில் உறுதி கொள்ளுதல் என்பது அதன் பொருள். இதனை வாயால் சொல்லத்தான் வேண்டும் என்பதில்லை. உள்ளத்தில் இருந்தால் போதும். ஷாஃபி மரபினர் ஒவ்வோர் இரவும் விடியுமுன் இவ்வுறுதியைக் கொள்ள வேண்டும் என்பர். ஹனஃபி மரபில் இதற்குச் சற்றுத் தளர்வுண்டு. ஆயினும் மறதிக்கு இடமில்லாதிருக்க, இரவுத் தொழுகை முடிந்ததும் இமாம் இதனை முதலில் அரபியிலும் பின்னர் மக்களின் மொழியிலும் சொல்லிக் கொடுப்பதும், கூடியிருப்போர் திருப்பிச் சொல்வதும் வழக்கமாயின. இவ்வாண்டு என்பதும், ரமலான் என்பதும், அது கடமையான நோன்பு என்பதும், நாளை நோற்கப் போவது என்பதும், இறைவனுக்காகவே என்பதும் அச்சிறு வாக்கியத்துள் அடங்கிவிடும். பத்திரம் எழுதுவோர் கூட இத்துணைச் செட்டாக எழுத மாட்டார்கள்! தமிழர் இதில் 'நிய்யத்து' என்ற அரபுச் சொல்லையே வைத்துக்கொண்டனர். மலையாளத்தாரோ 'கருதி உறப்பித்தல்' என்பர். கருதுதலும் உறுதியும் நம் சொற்களே அன்றோ? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹிஜ்ரிக் கணக்கில் சூரியன் மறையும்போதே அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. அக்கணக்கின்படி இரவும், அதைத் தொடரும் பகலும் ஒரே தேதி. ஆயினும் இரவில் நின்று நோன்பைக் கருதுவோர் 'நாளை' என்றே சொல்கின்றனர். அரபு வாசகத்திலும் அவ்வாறே உள்ளது.

பின்னிரவில் உண்ணும் உணவு சஹர். மலையாள நாட்டில் இதற்கு 'இடையத்தாழம்' என்ற அழகிய பெயருண்டு. முற்காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் பக்கீர்கள் தாயிரா தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று மக்களை எழுப்பினர். மாலையில் பாங்கொலி கேட்டதும் பேரீச்சம்பழத்தாலோ தண்ணீராலோ நோன்பைத் திறப்பர். அவ்வேளைப் பிரார்த்தனை மிகச் சிறியது: உனக்காக நோற்றேன், நீ அளித்த உணவால் திறந்தேன் என்னும் கருத்துடையது. பசித்தவனிடம் நீண்ட பிரார்த்தனையை எதிர்பார்க்கலாகாது என்பதை அறிந்தே இப்படி அமைந்ததோ என்று நான் எண்ணுவதுண்டு. அதன் பின்னர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்ந்த அதன் மணத்தைப் பக்கத்துத் தெருவினரும் அறிவர்.

இரவில் தொழப்பெறுவது தராவீஹ். அச்சொல்லுக்கு இளைப்பாறல்கள் என்று பொருள். இரண்டிரண்டு ரக்அத்துகளாகத் தொழுது, நான்குக்கு ஒருமுறை சற்று அமர்ந்து எழுவதால் இப்பெயர் வந்தது. நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் 20 ரக்அத்துகள் தொழுவர். எட்டுடன் நிறுத்துவோரும் உளர்.

மாதத்தை மூன்று பத்துகளாகப் பிரித்து, முதற்பத்தில் இறையருளையும், நடுப்பத்தில் மன்னிப்பையும், கடைப்பத்தில் நரகத்தினின்று விடுதலையையும் வேண்டுவது பரவலான மரபு. கடைப்பத்தில் சிலர் பள்ளியிலேயே தங்குவர்; அது இஃதிகாஃப். ஆயிரம் மாதங்களினும் சிறந்தது என்று திருக்குர்ஆன் கூறும் லைலத்துல் கத்ர் என்னும் இரவை, அப்பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் தேடுவர். தமிழ்நாட்டில் 27-ஆம் இரவு பெரிதும் போற்றப்படுகிறது. ஆயிரம் மாதமாவது 83 ஆண்டும் 4 மாதமும். ஒரு முழு மனித வாழ்நாள். அவ்விரவில் என்ன கேட்பது என்று நபிகளாரிடம் அவர் மனைவியார் ஆயிஷா வினவியபோது அவர் கற்பித்தது, மன்னிப்பதை விரும்பும் இறைவனிடம் மன்னிப்பைக் கேட்கும் ஒரு சிறு வேண்டுதலேயாகும். செல்வமோ நீண்ட ஆயுளோ அதில் இல்லை.

தொழுகை அரபியில் நடைபெறுவது. அதற்குப் புறம்பான வேண்டுதல்களையோ எம்மொழியிலும் செய்யலாம். இவ்விடைவெளியிற்றான் தமிழ் முஸ்லிம்களின் பக்தி இலக்கியம் செழித்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் பிறந்தன; கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அத்துறையில் பெரும்பணி ஆற்றினார். மலையாளத்தார்க்கு 1607-இல் இயற்றப்பெற்ற முஹ்யித்தீன் மாலை அவ்வகையில் முதன்மையானது. எங்கள் ஊரினின்று வெகு தொலைவில்லாத தக்கலையில், பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ரஜப் மாதத்து 14-ஆம் இரவு முழுதும் கூட்டமாகப் பாடுவர். ரமலானுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்பே நிகழும் அவ்விழாவுக்குப் பிற சமயத்தாரும் வருவர்.

என் அலுவலகத்தில் அடுத்த மேசையில் களியக்காவிளைப் பக்கத்து நண்பர் ஒருவர் இருந்தார். அவர் மகள் தலைநகரில் பிறந்து இந்தியில் பயின்றவள். அரபு வாசகத்தைப் பிழையின்றிச் சொல்வாள், பொருள் அறியாள். ஒரு ரமலானில் அவள் தொலைபேசியில் ஊரிலிருந்த பாட்டியாரை அழைத்து, "உம்மும்மா, நீங்கள் சொல்லும் நிய்யத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டாளாம். முதியவர் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்ல, இவள் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அன்றுமுதல் அம்மாதம் முடியும்வரை, இரவுத் தொழுகைக்குப் பின் அவ்வீட்டுத் தொலைபேசி வேறு எவருக்கும் கிடைக்கவில்லை என்று நண்பர் குறைப்பட்டுக் கொண்டார். குறைப்பட்டவர் முகத்தில் குறையொன்றும் தெரியவில்லை.