முதலாம் நரம்பை யார் விசாரிப்பது?

மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தறிய வேண்டுமென்று வைத்திய மாணவனுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் பின்னர் வைத்தியசாலை விடுதியில் அவன் எழுதிவைக்கும் குறிப்பைப் புரட்டிப் பார்த்தால், எந்தத் தேசத்திலானாலும், இரண்டாம் நரம்பு முதல் பன்னிரண்டாம் நரம்பு வரை யாவும் சுகம் என்ற வாசகமே பெரும்பாலும் காணப்படும். விடுபட்டுப்போன முதலாம் நரம்பு மணத்தை அறியும் நரம்பு. கண்ணில் ஒளி பாய்ச்சிப் பார்க்கிறார்கள். முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள். மூக்கினருகே ஒரு சிட்டிகை கோப்பித்தூளைக் கொண்டுபோக மாத்திரம் எவருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் வியாதியைப் பொறுத்தவரை இந்த அசிரத்தை நெடுங்காலம் அது மணவுணர்வைத் தீண்டாது என்ற பிழையான முடிவுக்கும் துணைபோயிற்று.

பாரிஸ் நகரத்து வைத்தியரான சார்க்கோ 1868ஆம் ஆண்டில் தெளிவாக வருணித்துக் காட்டிய இந்த நோயில், அந்நியக் கிருமிகளை எதிர்க்கவேண்டிய தேகத்தின் காவற்படை, மூளையிலும் முள்ளந்தண்டு நாணிலும் உள்ள நரம்பிழைகளின் மீது படர்ந்திருக்கும் மயலின் என்ற கொழுப்புறையைத் தாக்கிச் சிதைக்கிறது. உறை சிதைந்த இடத்தில் நரம்புச் செய்தி தாமதிக்கிறது, அல்லது நின்றே போகிறது. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களிலும் பார்க்கப் பெண்களையே அதிகமாகப் பற்றும் இது, ஒரு கண் மங்குவதாகவோ, காலில் விறைப்பாகவோ, நடையில் தள்ளாட்டமாகவோ தோன்றிச் சில வாரங்களில் தணிந்து, பின்னொரு நாள் வேறோர் இடத்தில் தலைகாட்டும். உலகில் ஏறக்குறைய 28 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020இல் கணக்கிட்டார்கள். பூமத்திய ரேகையை அண்மிய தேசங்களில் இது அபூர்வமாகையால், கிழக்கிலங்கையின் கல்முனையிலோ சவளக்கடையிலோ இதன் பெயரைக் கேட்டவர்கள் சிலரே. வந்தவருக்கோ, பெயர் தெரிவதற்கே மட்டக்களப்பு, கொழும்பு என்று அலைய நேரிடுகிறது.

மூக்கின் மேற்கூரையிலிருந்து புறப்படும் மணநரம்பின் இழைகள் மிக நுண்ணியவை; அவற்றுக்கு மயலின் உறையே கிடையாது. உறையைத் தின்னும் வியாதி உறையில்லாத நரம்பை என்ன செய்துவிடும் என்று முற்காலத்தவர் கேட்டதில் தருக்கம் இருந்தது. நோயாளரிற் பெரும்பாலோர் தாமாக முறையிடாததும் அந்தத் தருக்கத்துக்குச் சாட்சியாகிவிட்டது. ஆனால் அந்த இழைகள், மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள எலும்பின் சிறு துவாரங்களினூடே மேலேறி முகர்வுக் குமிழை அடைந்தவுடன் அவற்றின் பயணம் முடிந்துவிடுகிறது. குமிழ் மூளையின் அங்கமே. அங்கிருந்து முன்மூளையின் அடிப்புறத்துக்கும் பக்கமூளைக்கும் செல்லும் பாதையில் மயலின் உண்டு. ஆகவே நோய் தீண்டுதற்கு இடமும் உண்டு. இறந்தோரின் மூளையை ஆராய்ந்தவர்கள் குமிழிலும் பாதையிலும் உறையழிவைப் பிற்காலத்தில் நேரிலேயே கண்டார்கள்.

இதை உயிருள்ளோரிடம் அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் டொட்டி. அவர் 1984இல் வெளியிட்ட சோதனை, பத்துப் பக்கங்கள் கொண்ட நான்கு சிறு புத்தகங்கள்; ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மணம் நுண்துளிகளாக அடைக்கப்பட்ட பட்டியொன்று இருக்கும். பென்சில் நுனியால் அதைச் சுரண்டி முகர்ந்து, தரப்பட்ட நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கவேண்டும். ஒன்றுமே மணக்காவிட்டாலும் ஒன்றைக் குறித்தே ஆகவேண்டும் என்பது விதி. இந்தச் சோதனையை 26 நோயாளருக்குக் கொடுத்து, அவர்களுடைய எம்.ஆர்.ஐ. படங்களோடு ஒப்பிட்டபோது, மணத்தோடு சம்பந்தமுள்ள மூளைப் பகுதிகளில் உறையழிந்த வடுக்கள் எவ்வளவுக்கு மிகுந்திருந்தனவோ அவ்வளவுக்குப் புள்ளிகள் குறைந்திருந்ததை அவரும் தோழரும் 1997இல் அறிவித்தார்கள். மூளையின் மற்றைய பகுதிகளிலிருந்த வடுக்களுக்கு அந்தச் சம்பந்தம் இல்லை. இரண்டாண்டுகளுக்குப் பின் வெளியான தொடராய்வு இன்னும் சுவாரசியமானது: நோயாளர் சிலரைப் பல மாதங்கள் பின்தொடர்ந்ததில், வடுக்கள் பெருகிய காலத்தில் மணவுணர்வு தாழ்ந்தது, வடுக்கள் குறைந்த காலத்தில் மீண்டும் உயர்ந்தது.

டொட்டியின் புத்தகங்களில் எனக்கொரு மனக்குறை உண்டு. சதகுப்பை இலை போட்ட அமெரிக்க ஊறுகாயும் பிட்சாவும் ரூட் பியர் என்ற பானமும் அதிலே இருக்கின்றன. கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைக்கு வரும் வயோதிபர் ஒருவர் இவற்றில் தோற்றுப்போனால், தோற்றது அவருடைய மூக்கா, பரீட்சையா என்று எவ்வாறு தீர்மானிப்பது? இப்பிரதேசத்துக்கென்று ஒரு சோதனை செய்வதானால், கருவாடு, ரம்பை இலை, சாம்பிராணி, அத்தர், தேசிக்காய், மண்ணெண்ணெய் என்று தொடங்கலாம். கண்ணை மூடிக்கொண்டே நூற்றுக்கு நூறு எடுப்போர் அநேகர்.

மணவுணர்வு குறைவது ஒரே விதமாகவும் அன்று. மிக மெல்லிய மணத்தை உணரும் திறன் வேறு. உணர்ந்த மணம் இன்னதென்று இனங்காணும் திறன் வேறு. ஜெர்மானியர் பேனா வடிவில் செய்த மணக்குச்சிகளைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தளக்கலாம். ஒஸ்திரிய ஆய்வாளர் கண்டபடி, நோய் அழற்சியோடு கனன்றிருக்கும் ஆரம்ப காலத்தில் முதலாவது திறன் தளர்ந்து, பெரும்பாலும் திரும்பிவருகிறது. ஆண்டுகள் சென்று அங்கவீனம் முற்றியவர்களிடம் இரண்டாவது திறன் தேய்ந்து, பொதுவாகத் திரும்புவதில்லை. மொத்தத்தில் நோயாளரில் ஐந்திலொரு பங்கிலிருந்து ஏறக்குறையப் பாதி வரையில் இந்தக் குறை காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் குறையுள்ளவர் பெரும்பாலும் அதை அறிவதில்லை. "உம்மா, ஆணம் அடிப்பிடிச்சிப்போய்ட்டு, மணக்கல்லையா?" என்று மகள் அடுப்படிக்கு ஓடிவரும்போது, "சளியாக்கும் மகள்" என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும். நாவுக்குத் தெரிந்தவை உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்பும் இறைச்சிச்சாற்றின் சுவையும் மாத்திரமே. ஏலம், கறுவா, பெருஞ்சீரகம் முதலானவற்றின் பேதங்களையெல்லாம் அறிவது மூக்கு. அதனால் மணம் போனவர் மணம் போயிற்று என்று சொல்லாமல், சோறு கறியில் ருசியில்லை என்றே சொல்வார், உப்பைக் கூட்டுவார், சிலர் உண்பதையே குறைத்து மெலிவார்கள். இந்நோயாளரைப் பார்க்கும் வைத்தியர் 'சாப்பாடு ருசிக்கிறதா?' என்று கேட்டுவிட்டு அத்துடன் நில்லாமல், கண்ணை மூடச் செய்து ஒரு கராம்பை மூக்கருகே நீட்டுவாராயின், அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

மணக்குறையின் கேடு ருசியோடு நிற்பதில்லை. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை அறிவதற்காகவே மெர்கப்டன் என்னும் துர்நாற்றத் திரவத்தை அதிற் கலக்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வீடுகளில் அடுத்தடுத்து எரிவாயு வெடித்தபோது இந்தக் கலவையின் அளவும் சர்ச்சைக்குள்ளானது. அளவு சரியாக இருந்தாலும் மணம் அறியாத மூக்குக்கு அந்த எச்சரிக்கை எட்டாது. அத்தகையவர் உள்ள வீட்டில் சிலிண்டரைத் திறந்து மூடும் பொறுப்பையும், நேற்றைய மீனை முகர்ந்து பார்க்கும் பொறுப்பையும் வேறொருவர் ஏற்பது நல்லது.

இழந்த மணவுணர்வை மீட்பதற்காக டிரெஸ்டன் நகரத்து தோமஸ் ஹும்மல் 2009இல் அறிவித்த முகர்வுப் பயிற்சியில், ரோசா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் பன்னிரண்டு வாரங்கள் முகரச் செய்தார்கள். அதன் பலன் பெரிதும் நிரூபணமானது தடிமன் போன்ற கிருமித் தொற்றினால் மணம் இழந்தவர்களிடத்திலேயாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளர் செய்து பார்ப்பதில் தீங்கொன்றுமில்லை, ஆனால் வைத்தியர் தரும் மருந்துக்கு அது பதிலாகாது.

இதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஏலக்காய் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கும் வாசகர், மணம் குறைவாகத் தெரிந்தால் கலவரமடைய வேண்டாம். சளி, பீனிசம், புகைத்தல், முதுமை, கொவிட் ஆகியவையே மணம் கெடுவதற்குச் சாதாரணக் காரணங்கள். மணக்குறை ஒன்றை மட்டும் வைத்து எவரும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தீர்ப்பதில்லை. சில வாரங்களாகியும் மணம் திரும்பாவிட்டால் முதலிற் காட்டவேண்டியது காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம். கண் மங்கலோ, கால் விறைப்போ, தள்ளாட்டமோ கூடவே இருந்தால் நரம்பியல் வைத்தியரிடம்.