வாவியின் இரு கரையும் சமாதானக் காவலரும்

அயலவர் இருவர் வேலிக்காக வழக்காடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கதியால் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது என்கிறார் ஒருவர். இல்லை, அது என் பாட்டன் நட்ட இடத்திலேயே நிற்கிறது என்கிறார் மற்றவர். வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பாகும் வேளையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவே வந்து நிற்கிறார். அவருடைய சொல் எடுபட வேண்டுமானால் மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, இருவரும் அவரை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது, அவர் எப்பக்கமும் சாயலாகாது. மூன்றாவது, அவர் கையிலே தடியிருந்தாலும் தம்மைக் காத்துக்கொள்வதற்கன்றி அதனை ஓங்கலாகாது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் நடுவராக வந்தவர் மூன்றாவது வழக்காளியாகி விடுவார். இது நம் தாய்மாரும் தந்தைமாரும் அறிந்த நீதியேயாகும்.

உலக நாடுகளும் சமாதானப் படைகளுக்கு இதனையே விதியாக வகுத்துள்ளன. சம்மதம், நடுநிலை, தற்காப்புக்கும் இட்ட கடமையைக் காப்பதற்குமன்றி ஆயுதம் எடாமை என ஐக்கிய நாடுகள் சபையார் அதனை மூன்றாகக் கூறுவர். சூயஸ் கால்வாய் யுத்தத்தையடுத்து 1956ஆம் ஆண்டில் எகிப்திலே நிறுத்தப்பட்ட ஐக்கிய நாடுகள் படை பத்தாண்டுக் காலம் எல்லையிலே காவல் நின்றது. 1967 மே மாதத்தில் எகிப்து தன் சம்மதத்தை மீட்டுக்கொண்டது. படை புறப்படலாயிற்று, ஜூன் மாதம் யுத்தம் மூண்டது. படையின் பலம் துப்பாக்கியில் இருக்கவில்லை, சம்மதத்திலேயே இருந்தது என்பதை அன்று உலகம் கண்டது.

இந்தப் பாடத்தைக் கற்க நாம் சினாய்ப் பாலைவனம் வரை செல்ல வேண்டியதில்லை. நமது மட்டக்களப்பு வாவிக்கரையே போதும். இருபதாண்டு இடைவெளிக்குள் இரண்டு சமாதானக் காவல்கள் இங்கே வந்து போயின. முதலில் வந்தவர்கள் ஆயுதத்தோடு வந்தனர். பின்னர் வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தனர். இரண்டும் ஏன் நிலைக்கவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுவானும் படுவானும்

வடக்கே பங்குடாவெளி தொடக்கம் தெற்கே கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது இவ்வாவி. சூரியன் எழும் திசையிலே கடலோரமாக அமைந்தது எழுவான்கரை. படும் திசையிலே வயலும் காடுமாக அமைந்தது படுவான்கரை. நெல்லும் பாலும் தயிரும் படுவான்கரையிலிருந்து வரும். பெரிய ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் சந்தைக்கும் அக்கரையார் இக்கரைக்கு வந்தாக வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களிலே வாழ்ந்து, ஒருவர் விளைத்ததை மற்றவர் வாங்கிப் பிழைக்கும் பூமி இது. மண்முனையிலும் குருமண்வெளியிலும் மக்கள் ‘பாதை’ என்று வழங்கும் மிதவையே இரு கரைகளையும் இணைத்தது. பாதை ஓடாத நாளில் இரு கரையாருக்கும் பிழைப்பில்லை.

போர்க்காலத்திலோ இந்த நீரே எல்லைக் கோடாயிற்று. பல ஆண்டுகள் எழுவான்கரை பெரும்பாலும் அரசாங்கப் படையினர் வசமும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகள் வசமும் இருந்தன. வவுணதீவிலே சோதனைச் சாவடி இருந்தது. ஆகவே, தலைநகரங்களில் எழுதப்பட்ட ஒவ்வோர் உடன்படிக்கையும் மெய்தானா என்பது இந்த நீரின் மேலேதான் தெரியவந்தது.

ஆயுதத்தோடு வந்த காவல்

1987 ஜூலை 29ஆம் திகதி, இந்தியப் பிரதம மந்திரி ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பிலே உடன்படிக்கையொன்றிற் கையொப்பமிட்டனர். 48 மணி நேரத்தினுள் சண்டை ஓயும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்படும், வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாகும், அவ்விணைப்பு நீடிப்பதா என்பதைக் கிழக்கு மாகாண மக்கள் 1988 டிசம்பர் 31ஆம் திகதிக்கு முன் வாக்களித்துத் தீர்மானிப்பர் என்றெல்லாம் அதிலே கண்டிருந்தது. மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கலாயிற்று. குண்டுக்கும் ஷெல்லுக்கும் அஞ்சி வாழ்ந்த மக்கள் பல இடங்களில் மாலையிட்டு வரவேற்றனர்.

ஆயின், கையொப்பமிட்டோர் யாவர்? இரு அரசாங்கங்களின் தலைவர்கள் மட்டுமே. ஆயுதம் ஏந்தி நின்ற புலிகள் அதிலே கையொப்பமிடவில்லை. கிழக்கிலே பெருந்தொகையினராய் வாழும் முஸ்லிம்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களிலோ, திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலனுக்கு மாறாகப் பிறநாட்டார்க்கு இராணுவ உபயோகத்துக்கு விடப்படலாகாது என்பதும், அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் பற்றிய உறுதிமொழியும் இடம்பெற்றன. அயல்நாடு தன் பாதுகாப்பை எண்ணுவது குற்றமன்று. எனினும், வேலிச் சண்டையைத் தீர்க்க வந்தவருக்கும் அதே வளவில் ஒரு பங்கு இருக்குமானால், அவரை நடுவர் என்று இரு தரப்பாரும் நம்புவது கடினமன்றோ?

1987 அக்டோபர் 10ஆம் திகதி, இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே யுத்தம் மூண்டது. சமாதானம் காக்க வந்த படை போரில் ஒரு தரப்பாயிற்று. வாவிக்கரையும் அந்த நெருப்பிலிருந்து தப்பவில்லை. முப்பத்திரண்டு மாதத்துள் 1,100க்கு மேற்பட்ட இந்தியப் போர்வீரர் இத்தீவிலே உயிர்நீத்தனர். பொதுமக்களின் இழப்போ அதனினும் பெரிது.

ஒரு தாய் கேட்டவை

அந்நாட்களிலே மட்டக்களப்பின் தாய்மார் அன்னையர் முன்னணி என ஒன்றுகூடிப் படையதிகாரிகளிடம் பேசினர், பயன் விளையவில்லை. 1988 மார்ச் 19ஆம் திகதி, கணபதிப்பிள்ளை பூபதி என்னும் தாய், அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயச் சூழலிலே உண்ணாவிரதம் தொடங்கினார். 1932ஆம் ஆண்டிற் பிறந்த அவர் பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். அவர் கேட்டவை இரண்டு. இந்தியப் படை உடனே போரை நிறுத்தல் வேண்டும். புலிகளுடன் நிபந்தனையின்றிப் பேச்சு நடத்தல் வேண்டும். நீர் மட்டும் அருந்தி ஒரு மாதம் நோற்று, ஏப்ரல் 19ஆம் திகதி அவர் உயிர் துறந்தார். நாவலடிக் கடற்கரையிலே அவரது சமாதி இருக்கிறது.

பின்னாளில் அவருடைய பெயரை அரசியலார் பலவாறு எடுத்தாண்டனர். அவர் கேட்டவற்றையோ அரசியல் எதுவும் கலவாமல் நாம் நோக்கலாம். படைபலத்தைப் பெருக்குக என்று அவர் கேட்கவில்லை. பழிவாங்குக என்றும் கேட்கவில்லை. சண்டையை நிறுத்திப் பேசுங்கள் என்றே கேட்டார். எந்த வீட்டிலும் தாயொருத்தி பிள்ளைகளிடம் கேட்பது அதுவே. அன்று அதற்குச் செவி சாய்க்க எவருமில்லை.

வியப்பு யாதெனில், அந்தப் போர்நிறுத்தம் பதினேழு மாதங்களின் பின் வரவே செய்தது. அது தாயின் வேண்டுகோளால் வந்ததன்று. தலைநகரங்களின் கணக்கு மாறியதால் வந்தது. 1989இல் ஜனாதிபதியாகிய ஆர். பிரேமதாச, புலிகளுடன் பேச்சைத் தொடங்கினார். ஜூன் முதலாம் திகதி, ஜூலை 29க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டுமெனப் பகிரங்கமாகக் கோரினார். கொழும்புக்கும் டில்லிக்கும் இடையே கடிதங்கள் காரசாரமாகப் பறந்தன. அவ்வாண்டு கொழும்பிலே கூடவேண்டிய சார்க் உச்சி மாநாடும் கூடாமற் போயிற்று. இரு நாட்டுப் பிணக்குகளை எடுத்துப் பேசுவதற்குச் சார்க் சாசனமே இடந்தராதபடியால், அயல்நாடுகளெல்லாம் சேர்ந்த அந்தச் சங்கமும் இவ்விஷயத்தில் நடுவராக நிற்க இயலவில்லை. ஈற்றில் செப்டெம்பர் மாதத்தில் இணக்கம் காணப்பட்டு, 20ஆம் திகதி முதல் இந்தியப் படை தாக்குதல்களை நிறுத்திற்று. 1990 மார்ச் 24ஆம் திகதி, கடைசிப் படையினர் திருகோணமலையிலிருந்து கப்பலேறினர்.

அதன்பின் மூன்று மாதம் கூட அமைதி நிலைக்கவில்லை. 1990 ஜூன் 11ஆம் திகதி, கிழக்கிலே மீண்டும் போர் வெடித்தது. ஆகஸ்டு 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். புலிகளே செய்தனர் என்று உயிர் தப்பியோர் கூறினர், புலிகள் மறுத்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேர் திரும்பவேயில்லை. காவலர் வந்தபோதும் இம்மக்களைக் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை. கிழக்கு மக்கள் இணைப்பைப் பற்றி வாக்களிக்கவிருந்த நாளும் பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, அந்த வாக்கெடுப்பு நடைபெறாமலே போயிற்று. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

வெறுங்கையோடு வந்த காவல்

இரண்டாவது காவல் வேறு விதமானது. 2002 பெப்ரவரி 22ஆம் திகதியிட்ட போர்நிறுத்த உடன்படிக்கையில், பிரதம மந்திரி ரணில் விக்கிரமசிங்கவும் புலிகளின் தலைவர் வே. பிரபாகரனும் கையொப்பமிட்டனர். நோர்வே அனுசரணையாளராய் நின்றது. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டார் சேர்ந்த கண்காணிப்புக் குழு ஆயுதமின்றி வந்தது. தொலைதூரத்தாராகிய இவர்களுக்கு இத்தீவிலே நிலமோ துறைமுகமோ வேண்டியிருக்கவில்லை. நோர்வேயின் தூதுவர்கள் கொழும்புக்கும் வன்னிக்கும் போய்வந்ததோடு டில்லிக்கும் சென்று நடப்பவற்றை விளக்கி வந்தனர். முதற் காவலின் குறைகளிலே இரண்டு இங்கு நீங்கின என்றே கூறல் வேண்டும். போரிட்ட இரு தரப்பாரும் கையொப்பமிட்டிருந்தனர். நடுவர் கையிலே தடியும் இல்லை.

பலனும் இல்லாமற் போகவில்லை. வீதிகள் திறந்தன, படுவான்கரையார் முன்னிலும் இலகுவாக நகரத்துக்கு வந்து போயினர். மட்டக்களப்பிலே குழுவின் அலுவலகம் அமைந்தது. அரசாங்கத்தார் நியமித்த இருவர், புலிகள் நியமித்த இருவர், வெளிநாட்டார் ஒருவர் என ஐவர் கொண்ட உள்ளூர்க் குழுவும் இயங்கிற்று. பிள்ளையைப் படைக்குப் பிடித்துச் சென்றுவிட்டனர் என்று கண்ணீரோடு வந்த பெற்றோரின் முறைப்பாடுகள் அங்கே எழுதப்பட்டன. 2007 ஏப்ரல் வரை புலிகள் புரிந்த மீறல்கள் 3,800க்கு மேல் என்றும், அரசாங்கத் தரப்பு மீறல்கள் 350 அளவில் என்றும் குழு கணித்தது. முன்னவற்றிலே மிகப் பெரும் பகுதி சிறுவரைச் சேர்த்தமையாகும். கணக்கு எழுதும் அதிகாரம் குழுவுக்கு இருந்தது. பிள்ளையை மீட்டுத் தாயின் கையிலே ஒப்படைக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

2004 மார்ச் மாதத்திலே புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து நின்றார். ஏப்ரலிலே வெருகற் கரையில் சகோதரர் சகோதரரைக் கொன்றனர். உடன்படிக்கை அறிந்த தரப்புகள் இரண்டே. மூன்றாவதாக ஒன்று தோன்றியபோது அதனைக் கட்டுப்படுத்தும் விதி எந்தத் தாளிலும் இல்லை. முஸ்லிம்கள் பேச்சு மேசையிலே தமக்கெனத் தனி ஆசனம் கேட்டும் பெறவில்லை. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியிலே, மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்தில், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் கண்காணிப்புக் குழுவின் மட்டக்களப்பு அலுவலக வளவிலேயே குண்டு வெடித்தது.

2006 மே மாத இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. அவ்வொன்றியத்தைச் சேர்ந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டார் இனி நடுநிலையாளர் அல்லர் என்று புலிகள் கூற, ஏறக்குறைய அறுபது கண்காணிப்பாளருட் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறினர். பிரசல்ஸ் நகரத்திலே எடுக்கப்பட்ட முடிவால் வாவிக்கரையின் கண்கள் குறைந்தன. அந்தக் கண்கள் மிகவும் வேண்டப்பட்ட காலம் அதுவே. சில மாதங்களில் வாகரையிலும் படுவான்கரையிலும் போர் மூண்டு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அரசாங்கம் உடன்படிக்கையினின்றும் விலகிக்கொண்டதனால், 2008 ஜனவரி 16ஆம் திகதியுடன் கண்காணிப்பும் முடிவுற்றது.

நாம் கொள்ளும் பாடம்

ஆயுதம் இருந்ததனால் முதற் காவல் கெட்டது என்பர் சிலர். ஆயுதம் இல்லாததனால் இரண்டாவது கெட்டது என்பர் வேறு சிலர். இரண்டும் ஒருங்கே மெய்யாதல் எங்ஙனம்? இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இரண்டிலும் சம்மதம் மேலிருந்தே பெறப்பட்டது. 1987இல் இரு அரசாங்கத் தலைவரின் சம்மதம். 2002இல் இரு படைத் தலைமைகளின் சம்மதம். மேலிருந்து வந்த சம்மதத்தை மேலிருந்தே மீட்டுக்கொள்ளவும் முடிந்தது. மாமாங்கத்திலே நோற்ற தாயும், காத்தான்குடியிலே தொழுத முஸ்லிமும், படுவான்கரையிலே பிள்ளையை ஒளித்து வைத்த தந்தையும் அந்தத் தாள்களிலே எங்கும் இல்லை.

ஆகவே, இனி எந்த நாட்டிலே சமாதானக் காவல் அமைத்தாலும் மூன்று கேள்விகளை முதலிலே கேட்பது நன்று. காவலின் கீழ் வாழப்போகிறவர்களை யார் கேட்டார்கள்? அவர்களுடைய முறைப்பாட்டை எழுதுவதோடு தீர்த்து வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? காவலர் புறப்படும் நாளிலே அம்மக்களைக் காப்பவர் யார்? இக்கேள்விகளுக்கு விடையில்லாத உடன்படிக்கை எத்தனை தலைவர்கள் கையொப்பமிட்டதாயினும் குறையுடையதே.

மண்முனையிலே மிதவை ஓடிய இடத்தில் 2014ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்பட்டது. படுவான்கரைப் பிள்ளைகள் இப்போது பாதைக்குக் காத்திராமல் வாவியைக் கடக்கின்றனர். பாலம் கட்டியோர் இரு கரையிலும் நிலத்தைத் தோண்டிப் பார்த்தே அத்திவாரம் இட்டனர். சமாதானம் செய்வோரும் அவ்வாறே இரு கரைக்கும் சென்று, அங்கு வாழ்வோரைக் கேட்டுத் தொடங்குவார்களாக.