மெழுகலும் துடைத்தலும்: திண்டுக்கல் வட்டாரச் சிறுமனைகளின் தூய்மைச் சொற்கள்

மனையின் அகத்தைத் தூய்மை செய்தற்குத் தமிழில் சொற்கள் பல உள. கூட்டுதல், பெருக்குதல், துடைத்தல், கழுவுதல், மெழுகுதல், பூசுதல், தீற்றுதல் என வரும் இவை ஒருபொருள் குறித்தன போலத் தோன்றினும், உற்று நோக்குவார்க்கு இருவகையாகப் பிரிந்து நிற்றல் புலனாகும். முன்னைய நான்கும் ஒரு பரப்பின்மேல் உள்ளதனை நீக்குதலைக் குறிப்பன. பின்னைய மூன்றும் அப்பரப்பின்மேல் புதியதொன்றை இடுதலைக் குறிப்பன. மண்தரையும் மண்சுவரும் உடைய சிறுமனைக்கு இடுதலே தூய்மையின் உயிர்நிலையாக இருந்தது. பரப்பு மாறியபோது வினை மாறிற்று. வினை மாறியபோது சொல்லும் பொருள் திரிந்தது. இதனைத் திண்டுக்கல் வட்டார வழக்கைக் கொண்டு காண்போம்.

இப்பாகுபாடு பழமையானது. பெரும்பாணாற்றுப்படை, அந்தணர் மனையைக் கூறுமிடத்து, ஆனின் சாணத்தைப் 'பைஞ்சேறு' எனப் பெயரிட்டு, அதனால் மெழுகப்பட்ட இல்லம் என்று சிறப்பிக்கின்றது. புறநானூற்றின் 249ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, இறந்தவனுக்கு உணவு படைக்க வேண்டி, முறத்தளவினதாகிய சிற்றிடத்தைத் துடைத்து, அதனைச் சாணத்தால் மெழுகுகின்றாள். மெழுகுதற்கு நீராவது அவள் கண்ணீரே. துயரின் எல்லையிலும் நீக்கலும் மெழுகலும் இருவேறு வினைகளாக, ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்தலைப் புலவர் கண்டு கூறியுள்ளார். பெரியபுராணத்துத் திலகவதியார் திருவதிகைக் கோயிலிற் செய்த பணிகளிலும் அலகிடலும் மெழுக்கிடலும் வெவ்வேறாகவே எண்ணப்பெறுகின்றன.

இனி வட்டார வழக்கிற்கு வருவோம். திண்டுக்கல் நாடு மதுரை வழக்கும் கொங்கு வழக்கும் தழுவும் எல்லைநிலம். கிழக்கே மதுரையைச் சார்ந்த ஊர்களில் 'விளக்குமாறு' எனப்படும் கருவி, மேற்கே பழனி, ஒட்டன்சத்திரப் பக்கத்தில் 'சீமாறு' என வழங்கும். விளக்கும் மாறு விளக்குமாறு. சீக்கும் மாறு சீமாறு. சீத்தல் என்பது துடைத்து நீக்குதல் என்னும் பொருளில் சங்க நூல்களிற் பயின்ற வினை. நூல்வழக்கில் மறைந்த அவ்வினையை நாள்தோறும் வீட்டின் மூலையிற் சார்த்தி வைக்கப்படும் ஓர் எளிய கருவியின் பெயர் காத்து வருதல் வியப்புக்குரியது. 'கூட்டு', 'பெருக்கு' என்பன மங்கல வழக்கு என்று உரைப்பாரும் உளர். சிதறிய குப்பையை ஓரிடத்துச் சேர்த்தல் என்னும் நேர்ப்பொருளே கூட்டுதற்கு அமையுமாதலின், அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை என்பது எம் கருத்து.

செம்மண் பாங்கான இச்சமவெளியில் மண்தரை காய்ந்தால் வெடிக்கும். நடந்தால் புழுதி எழும். அதனைக் கூட்டக் கூட்டத் தரையே தேய்ந்து குழியும். ஆகவே கூட்டுதல் மட்டும் தரையைக் காவாது. புதுச்சாணத்தை நீரிற் கரைத்து, அகமூலையில் தொடங்கி வாயிலை நோக்கிப் பின்னகர்ந்தவாறே, கையை அரைவட்டமாக வீசி மெழுகுவர். செவ்வாயும் வெள்ளியும் இதற்குரிய நாள்கள். சாணத்திலுள்ள செரியாத நார், மண்துகளைப் பிணித்து, வெடிப்பை அடைத்து, புழுதியை அடக்குகின்றது. வினையின் பயன் இதுவே. சாணம் நோய்க்கிருமியைக் கொல்லும் என்று பெருமிதத்தோடு எழுதுவார் கூற்றை ஏற்றல் இயலாது. அதில் நுண்ணுயிர்கள் பல வாழ்வன. இசிவுநோய்க் கிருமியின் வித்துகளும் இருத்தல் கூடும். பச்சிளங் குழந்தையின் கொப்பூழில் சாணம் படலாகாது என்று மருத்துவர் விலக்குவது இதனாலேயே. மேலும், குனிந்து மெழுகும் அவ்வுழைப்பு முழுதும் பெண்டிர்மேலதாக இருந்தது என்பதனை மறந்து அதனைப் பாராட்டுதல் முறையன்று.

சுவரின் செய்தி வேறு. சுண்ணாம்பு உண்மையிலேயே கிருமியை ஒடுக்கும் காரம் உடையது. இம்மாவட்டத்துக் கரிக்காலிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படுகின்றது. கல்லைக் காளவாயிற் சுட்டு, நீரில் நீற்றி, வடிகட்டிச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவளியை ஏற்று, சிறிது சிறிதாக மீண்டும் கல்லாகின்றது. பூச்சு நிற்கக் கஞ்சியும், வெண்மை மிளிரச் சிறிது நீலமும் சேர்ப்பர். இங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து சுவர் கறைபடும். மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் வெள்ளையடித்துப் போகியன்று ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் கொண்டு காப்புக் கட்டுவர். சடங்கின் காலம் பருவத்தின் காலத்தையே ஒட்டியுள்ளது.

குடிசைகளைக் காரை வீடுகளாக்கும் திட்டங்கள் இப்பரப்புகளை மாற்றின. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டமும், 2011-ல் 300 சதுர அடிப் பசுமை வீடுகள் திட்டமும் தமிழகத்தில் தொடங்கப்பெற்றன. சிமெண்டுத் தரைக்கு மெழுகல் வேண்டா, துடைத்தலே போதும். 'மாப்புப் போடுதல்' என்னும் புதுவழக்கு அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. மெழுகுதல் என்னும் சொல்லோ, 'பூசி மெழுகுதல்' என்னும் தொடரில் குற்றத்தை மறைத்தல் என்னும் பொருளிலேயே இன்று பெரிதும் கேட்கப்படுகின்றது. மனைவிளங்கச் செய்த வினை பொய்யின் பெயராயிற்று.

பரப்பறியாது முறையை மாற்றுவதனால் சொல்லுக்கு மட்டுமன்றிச் சுவருக்கும் கேடு விளைகின்றது. மண்சுவரும் சுண்ணச்சுவரும் உள்ளேறிய ஈரத்தைத் தம் நுண்துளைகள் வழியே வெளிவிடுவன. அவற்றின்மேல் பிளாஸ்டிக் வண்ணம் தீற்றினால் ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சுக் கொப்புளித்து உதிரும். மொசைக் தரையிலுள்ள சலவைக்கல் துணுக்குகளும் சுண்ணாம்பின் இனமே. கறைபோக்க ஊற்றும் ஆசிட் கறையோடு கல்லையும் அரித்துவிடும். ஓடு பதித்த தரையிலும் இடைச்சிமெண்டு அரிபட்டு, அவ்விடுக்கில் அழுக்கு முன்னினும் மிகுதியாகத் தங்கும். அத்தரைகளுக்குச் சவர்க்கார நீரும் ஈரத்துணியும் போதும். மண்சுவருக்குச் சுண்ணாம்பே இன்றும் ஏற்றது.