ஏழு வாரக் கதிர்வீச்சும் அதைத் தொடரும் கண்காணிப்பும்

தொண்டைப் புற்றுநோயை அறுவை இல்லாமல் கதிர்வீச்சால் குணப்படுத்த முயலும்போது வழக்கமாகத் தரப்படும் மொத்த அளவு 70 கிரே (கிரே என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு). நாளுக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு 5 நாளாக, 35 தவணைகளில் ஏழு வாரம் கொடுக்கிறார்கள். இரு தவணைகளுக்கு இடையில் நல்ல செல்கள் தம் சேதத்தைப் பெருமளவு சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்களுக்கு அந்தத் திறன் குறைவு.

கண்காணிப்பு முதல் தவணைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காப்பாற்ற முடியாத பற்களை முதலிலேயே பிடுங்கிவிடுவார்கள். கதிர் பட்ட தாடையில் பின்னாளில் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே மடிந்துபோகக்கூடும். பிறகு, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டால் முகத்துக்கு அச்செடுத்து, தலை அசையாமலிருக்க முகமூடி செய்து, அதை அணிவித்தபடியே சிடி ஸ்கேன் எடுப்பார்கள். தண்டுவடத்துக்குப் போகும் அளவு 45 கிரேயைத் தாண்டாமலும், காதடி உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குச் சராசரி 26 கிரேக்குள் நிற்கும்படியும் மருத்துவ இயற்பியலாளர் திட்டமிட முயல்வார். இந்தச் சுரப்பிகளைக் காப்பது சின்ன விஷயமல்ல. பிரிட்டனில் நடந்து 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வில், ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு இருந்தது; சுரப்பிகளை ஒதுக்கிக் கதிரைச் செலுத்தும் ஐஎம்ஆர்டி முறையில் அது 38 சதவீதம்தான்.

வாரம் ஒருமுறை மருத்துவர் பார்க்கும்போது மிக முக்கியமான கருவி எடை பார்க்கும் இயந்திரம்தான். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகும், ருசி போகும், விழுங்குவது வேதனையாகும். உடல் மெலிந்தால் முகமூடி தளரும், கட்டியும் சுருங்கியிருக்கும். அப்போது பழைய திட்டம் புதிய உடலுக்குப் பொருந்தாது, மீண்டும் ஸ்கேன் எடுத்துத் திட்டத்தை மாற்ற வேண்டிவரலாம். அந்த நிலை வரும் முன்பே மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்பதைத் தோல்வியாக நினைக்கத் தேவையில்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தும் சேர்ந்தால் ரத்த அணுக்கள், சிறுநீரகம், காது கேட்கும் திறன் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

தவணை தவறுவதுதான் பெரிய ஆபத்து. ஏறத்தாழ நான்காம் வாரத்திலிருந்து எஞ்சிய புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது. விட்டுப்போன தவணையைச் சனிக்கிழமையிலோ, குறைந்தது 6 மணி நேர இடைவெளியுடன் ஒரே நாளில் இரண்டாகவோ ஈடுசெய்யலாம். வெளியூரிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்குத் தங்குமிடமும் பஸ் கட்டணமும் கிடைப்பது மருந்து கிடைப்பதற்குச் சமம்.

சிகிச்சை முடிந்த கையோடு, மிச்சமிருக்கும் புற்றை ஒளிரச் செய்து காட்டும் பெட்-சிடி ஸ்கேன் எடுப்பதில் பயனில்லை, கதிரால் ஏற்பட்ட அழற்சியும் புற்றுபோலவே ஒளிரும். 12 வாரம் காத்திருக்க வேண்டும். கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவிய நோயுள்ள 564 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இந்த ஸ்கேனை வைத்து முடிவெடுத்த பிரிவில் 54 கழுத்து அறுவைகளே தேவைப்பட்டன. முன்கூட்டியே அறுவைக்குத் திட்டமிட்ட பிரிவில் 221 நடந்தன. உயிர்வாழ்வில் முதல் பிரிவு பின்தங்கவில்லை.

முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு மெல்லக் குறையக்கூடும் என்பதால், 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பல ஆண்டுகள் தொடர வேண்டும்.