பயணம் முடிந்த பதினைந்தாம் நாள்

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் பெங்களூரிலிருந்து கோலார் பக்கம் கிளம்பும் சில கார்களின் பின் ஜன்னலில் ஒரு கறுத்த மூக்கு தெரியும். லாப்ரடாரோ, பீகிளோ, தெருவில் கிடைத்து வீட்டுப் பிள்ளையாகிவிட்ட நாட்டு நாயோ, காற்றை முகர்ந்துகொண்டே வரும். அந்தரகங்கைப் பாறைகளில் ஏறி இறங்கி, மதியம் கோலார் தங்கவயல் வந்து, ராபர்ட்சன்பேட்டையில் பிரியாணி, பேத்தமங்கலம் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம், இருட்டுவதற்குள் வீடு. ஹொஸ்கோட்டேயிலிருந்து பேத்தமங்கலம் வரை விரைவுச்சாலை வந்தபின் இது இன்னும் சுலபமாகிவிட்டது.

நாய்க்கு இதைவிடச் சந்தோஷமான நாள் இருக்காது. ஆனால் அது வாங்கிக்கொண்டு வரும் நோய் அன்றைக்கே தலைகாட்டுவதில்லை. பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாள் கழித்து, போய்வந்ததையே வீட்டில் எல்லோரும் மறந்த பிறகுதான் வெளியே வரும்.

வேட்டை நாய்களின் ரத்தத்தில்

நாயைக் கூட்டிக்கொண்டு காடுமேடு சுற்றுவது இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு அல்ல. வெள்ளைக்காரர்கள் சென்னையில் ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்று ஒரு வேட்டைக் குழுவே வைத்திருந்தார்கள். தாங்கள் குதிரையில் ஏறிக்கொண்டு, நாய்க்கூட்டத்தை முன்னால் விட்டு நரியைத் துரத்துவார்கள். அந்த நாய்களின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த ஆராய்ச்சியாளர் டபிள்யூ. எஸ். பேட்டன், சிவப்பணுக்களுக்குள் புகுந்து உட்கார்ந்திருந்த புதிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். பிறகு நரியின் ரத்தத்திலும் அதையே கண்டார். துரத்திய நாய்க்கும் ஓடிய நரிக்கும் ஒரே கிருமி! 1910-இல் அவர் உலகுக்கு அறிவித்த அந்த ஒட்டுண்ணியின் இன்றைய பெயர் பேபிசியா கிப்சோனி.

டாக்டர்கள் ‘டிக் ஃபீவர்’ என்று சொல்லும் உண்ணிக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமிகளில் இது ஒன்று. இன்னொன்று எர்லிக்கியா. 1935-இல் அல்ஜீரியாவில் அடையாளம் காணப்பட்ட இந்தப் பாக்டீரியா, வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவ நாய்களை நூற்றுக்கணக்கில் பலிகொண்டது. பேபிசியா சிவப்பணுக்களை உடைக்கிறது. எர்லிக்கியா வந்தால் தட்டணுக்கள் குறைந்துபோகின்றன. இரண்டையும் கடத்துவது உண்ணிதான்.

விரலால் தேட வேண்டிய இடங்கள்

கிளினிக்கில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது. நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, சுருண்டு படுத்திருக்கிறது. “வெளியூர் எங்கேயாவது கூட்டிட்டுப் போனீங்களா?” என்று டாக்டர் கேட்பார். “இல்லையே டாக்டர்” என்று பதில் வரும். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துவிட்டு அவர் மறுபடி கேட்கும்போதுதான், “ஆமா, போன மாசம் மலைக்குப் போனோம்” என்பது நினைவுக்கு வரும்.

காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கிலிருந்து ரத்தம், காபி நிறத்தில் சிறுநீர். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாள் தருவார்கள். நான்காம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிடத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கிப்சோனி இதைவிடப் பிடிவாதக்காரன். அதற்கு மருந்தே வேறு. வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். ஐபுபுரோஃபன் ஒரு மாத்திரையே சின்ன நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும்.

வீடு திரும்பிய இரவே உண்ணியைத் தேடிவிடுவது நல்லது. காது மடலுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், வாலடியில், முக்கியமாகக் கால்விரல் இடுக்கில். கண்ணைவிட விரல் நுனி நன்றாகக் கண்டுபிடிக்கும். மிளகு மாதிரி உருளும். ரத்தம் குடித்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் திராட்சை விதையைவிடப் பெரிதாக உப்பியிருக்கும். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கலாம். மண்ணெண்ணெய் தடவுவது, பீடி நெருப்பு வைப்பது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் ஊற்றினால் நாய் அதை நக்கியே விழுந்துவிடும். மாதத்துக்கு ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. வலிப்பு வரும் நாயாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால் ஒரே ஓர் உண்ணி சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு வீட்டையே குடியிருப்பாக்கிக்கொள்ளும்.

காத்திருக்காத ஒன்று

வெயில் மட்டும் பதினைந்து நாள் தவணை தராது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அந்த வசதியும் மூக்கு சப்பையான நாய்களுக்குக் குறைவு. 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய பக் நாயைப் பார்த்து ஊரெல்லாம் பக் வாங்கியது. உண்மையில் மதிய வெயிலில் யார் பின்னாலும் ஓடக் கூடாத நாய் அது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. ஈறு செங்கல் நிறமாகும், எச்சில் கோந்து மாதிரி நூலாகத் தொங்கும், பின்கால் தள்ளாடும். உடனே நிழலுக்குத் தூக்கி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மருத்துவமனைக்கு வண்டியை எடுப்பது அதற்குப் பிறகுதான். வாயைப் பிளந்து தண்ணீர் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

‘ரெண்டே நிமிஷம்’ என்று காரில் பூட்டிவிட்டுப் பிரியாணிக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வெளியே 35 டிகிரி செல்சியஸ் என்றால், பத்து நிமிடத்தில் காருக்குள் 45-ஐ நெருங்கிவிடும். ஜன்னலை விரற்கடை இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பிரியாணியில் பங்கு கொடுப்பதும் வேண்டாம். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்; வெந்த கோழி எலும்பு சிராய் சிராயாகப் பிளந்து குடலில் குத்தும்.

சயனைடு மேட்டில் படம் எடுக்க வேண்டாம்

தங்கவயலுக்கு மட்டுமே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட சுரங்கம், சயனைடால் தங்கம் பிரித்தெடுத்தது போக மிச்சத்தைப் பதின்மூன்று மேடுகளாகக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. மொத்தம் சுமார் 3.3 கோடி டன். வெளிறிய மஞ்சளில், மழை அரித்த வரிவரியான பள்ளங்களோடு, படம் எடுக்க அற்புதமான இடம்தான்.

ஆனால் அது மணல் அல்ல, அரைத்த பாறை. சிலிக்காத் தூசியும் கன உலோகங்களும் கலந்தது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசியோடு அல்லாடுவது சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன அவஸ்தை. நாயின் மூக்கோ தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் இருக்கிறது. ஓடிவிட்டு வந்து பாதத்தை நக்கும், அடியில் தேங்கிய மழைநீரைக் குடிக்கும். தப்பித்தவறி மேட்டில் ஓடிவிட்டால் பாதத்தையும் வயிற்றடியையும் அங்கேயே கழுவிவிட வேண்டும். குடிதண்ணீர் எப்போதும் வீட்டுப் பாட்டிலில் இருந்துதான். ஏரியோரத் தேங்கல் நீரிலும் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும்.

டீக்கடை வாசலில் ஒரு சண்டை

புது ஊர் நாய் இறங்கினால் உள்ளூர் நாய்கள் விசாரிக்க வரும். விசாரணை கடியில் முடியலாம். ரேபிஸ் சிகிச்சைக்கான குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உருவானதே ஒரு வெறிநாய்க்கடி மரணத்துக்குப் பிறகுதான். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் ரேபிஸால் இறந்தார். 1907-இல் நிறுவனம் வந்தது. இன்றும் மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே தடுப்பூசி அட்டை வண்டியிலேயே இருக்கட்டும். ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, டாக்டரிடம் காட்டி மறுபடி ஊசி போட வேண்டும். சண்டையை விலக்கப்போன உடையவரின் கையில் பல் பட்டிருந்தால் அவருக்கும் அதே 15 நிமிடம், அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி. அந்த அட்டையின் பின்பக்கத்திலேயே போன இடத்தையும் தேதியையும் பேனாவால் ஒரு வரி எழுதி வைத்துவிட்டால், பதினைந்தாம் நாள் டாக்டர் கேட்கும்போது விழிக்க வேண்டியிருக்காது.