நான்கில் ஏழு எப்படி எடுப்பது?

டீ ஆறுவதற்குள் ஒரு தோசையைப் பங்கு போட்டுப் பார்த்துவிடலாம். நான்கு சம துண்டாக வெட்டுகிறோம். ஒரு துண்டு கால் தோசை, மூன்று துண்டு முக்கால். எழுதும்போது 3/4. மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இதுவரை எந்தக் குழந்தையும் தடுமாறுவதில்லை.

அடுத்து 7/4 என்று எழுதி, 'நான்கில் ஏழு' என்று வாசித்துக் காட்டுகிறோம். குழந்தை விழிக்கிறது. இருப்பதே நாலு துண்டு, அதில் ஏழு எப்படி எடுப்பது? மிக நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் வகுத்தலுக்குத் தாவிவிடக் கூடாது.

இன்னொரு தோசையையும் எடுத்து அதே போல வெட்டுவோம். மொத்தம் எட்டுத் துண்டு. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டால் மீதி ஏழு. "தட்டில் எத்தனை தோசை?" என்று கேட்டால் பல குழந்தைகள் 7/8 என்று எழுதும். ஆனால் 7/8 ஒரு தோசைக்கும் குறைவு. தட்டிலோ ஒரு முழுத் தோசையும் அதற்கு மேலும் இருக்கிறது! இரண்டு தோசையும் சேர்ந்ததில் எட்டில் ஏழு பங்கு மீதி என்பது சரிதான். நாம் கேட்டது அதுவல்லவே.

எல்லோரும் இடறுகிற இடம் இதுதான். தட்டில் கிடக்கும் துண்டுகளை எண்ணிக் கீழே எழுதிவிடுகிறோம். கீழ் எண் சொல்வது, ஒரு முழுத் தோசைக்கு எத்தனை துண்டு என்பதை மட்டும்தான். ஆகவே அது துண்டின் அளவைக் குறிக்கும் பெயர், ஆழாக்கு என்பது போல. எட்டு ஆழாக்கு ஒரு படி. பத்து ஆழாக்கு அளந்தாலும் ஆழாக்கின் அளவு மாறுவதில்லை.

அதனால் 7/4-ஐ 'ஏழு கால்' என்று வாசிப்போம். வாய்விட்டு எண்ணுவோம்: கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றே முக்கால். தகா பின்னம் கலப்பு பின்னமாகிவிட்டது! 1¾ என்பதில் ஒன்றுக்கும் முக்காலுக்கும் நடுவே கூட்டல் குறி மறைந்திருக்கிறது. 'ஒன்றே' என்பதிலுள்ள 'ஏ'தான் அந்தக் கூட்டல். 'தகா' என்பதைத் தவறான பின்னம் என்று எண்ண வேண்டாம். தொகுதி பகுதிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் அந்தப் பெயர்.

திரும்பி வருவதும் எளிது. 2¾ தோசையில் எத்தனை கால்? இரண்டு தோசைக்கு எட்டு, மேலே மூன்று, ஆக 11/4. 'பெருக்கிக் கூட்டு' என்கிற விதி இங்கிருந்துதான் பிறக்கிறது. கையால் வெட்டிப் பார்த்த பிறகு அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இன்று இரவு மூன்று தோசையைப் பாதி பாதியாக வெட்டி, ஐந்து துண்டைத் தட்டில் வையுங்கள். எத்தனை தோசை என்று கேளுங்கள். "ஆறில் ஐந்து" என்று பதில் வந்தால் உடனே திருத்தாதீர்கள். ஒரு துண்டைக் குழந்தையின் கையில் கொடுத்து, "இதன் பெயர் என்ன?" என்று கேளுங்கள்.