வால்வு மாற்றப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

பழைய ஆம்ப்ளிஃபையரில் ஒரே ஒரு வால்வைக் கழற்றிவிட்டு, அதே எண் போட்ட இன்னொன்றைச் செருகுகிறீர்கள். பற்றவைப்பு இல்லை, ஸ்க்ரூடிரைவர் இல்லை. அரை நிமிடம் சூடாக விடுகிறீர்கள். இசைத்தட்டு அதேதான், ஸ்பீக்கரும் அதேதான். ஆனால் பின்னணியில் இருந்த 'உஸ்ஸ்' அடங்கி, மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்கிறது! இப்படி நடக்குமா? நடக்கும். ஆனால் எல்லா வால்வுக்கும் இது நடக்காது, எந்த இடத்து வால்வை மாற்றுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள், அசந்துபோவீர்கள்! ரெக்கார்டு பிளேயரில் இருக்கும் காந்த வகை கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கரில் 20 வாட் ஒலி வரவேண்டுமானால் அங்கே சுமார் 12.6 வோல்ட் வேண்டும். அதாவது ஏறக்குறைய 2,500 மடங்கு! முதல் வால்வில் பிறக்கும் ஒரு சிறு இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து அத்தனை மடங்கும் பெரிதாகிறது. கடைசி வால்வில் பிறக்கும் இரைச்சலைப் பெரிதாக்க அதற்குப் பின் எதுவுமே இல்லை. ஆகவே கையில் இருக்கும் பணம் ஒரு நல்ல வால்வுக்கு மட்டுமே போதும் என்றால், ஊசியிலிருந்து வரும் ஒலியை முதலில் வாங்கும் அந்தக் குட்டி வால்வுக்கே செலவழியுங்கள். பளபளவென்று எரியும் பெரிய வால்வுகளைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அந்தக் குட்டி வால்வு பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 ஆகத்தான் இருக்கும். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றுவரை புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறார்கள்! அதையே ஐரோப்பாவில் இசிசி83 என்றார்கள்.

இந்த ஐரோப்பியப் பெயருக்குள் வால்வின் ஜாதகமே எழுதியிருக்கிறது, தெரியுமா? முதல் எழுத்து வால்வைச் சூடேற்றும் ஹீட்டரைச் சொல்லும்: 'இ' என்றால் 6.3 வோல்ட், 'ஜி' என்றால் 5 வோல்ட், 'யூ' என்றால் 100 மில்லி ஆம்பியர். அடுத்த எழுத்து உள்ளே இருப்பதைச் சொல்லும்: 'சி' ஒரு டிரையோடு, அதாவது மூன்று மின்முனை அமைப்பு, 'சிசி' என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. 'எல்' என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு, 'எம்' என்றால் பழைய ரேடியோவில் பச்சையாக விரிந்து சுருங்கிய மாயக்கண், 'இசட்' என்றால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர். எண் 8-இல் தொடங்கினால் 9 பின் உள்ள சிறிய அடிப்பாகம், 3-இல் தொடங்கினால் 8 பின் உள்ள பெரிய அடிப்பாகம். இப்போது இஎல்84, இஎல்34 என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள். எது சின்னது, எது பெரியது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

இது தெரியாமல் வால்வு மாற்றியதால் பாழான செட்டுகள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய ரேடியோக்களில் எல்லா வால்வுகளின் ஹீட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் கோத்திருக்கும். 'யூ' வகை வால்வுகள் என்றால் அதில் ஓடுவது 100 மில்லி ஆம்பியர் மட்டும். அங்கே யூஎல்84 இருந்த இடத்தில், பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று இஎல்84-ஐச் செருகினால்? அது கேட்பது 760 மில்லி ஆம்பியர். சூடேறவே ஏறாது!

சரி, வால்வின் ஒலி ஏன் காதுக்கு இதமாக இருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். விடை நம் சங்கீதத்திலேயே இருக்கிறது! எந்த ஆம்ப்ளிஃபையரும் தன் பங்குக்குச் சில கூடுதல் ஒலிகளைச் சேர்க்கும். டிரையோடு வால்வு அதிகம் சேர்ப்பது இரண்டாம் ஹார்மோனிக். உள்ளே போகும் ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால், அது சேர்ப்பது 480 ஹெர்ட்ஸ். அதாவது மேல் ஷட்ஜம்! மூன்றாம் ஹார்மோனிக் 720 ஹெர்ட்ஸ், மேல் ஸ்தாயிப் பஞ்சமம். சுருதிப் பெட்டியில் கேட்கும் அதே ஸ்வரங்கள்! பாடகர் பிடித்த ஸ்வரத்தோடு ஒட்டி நிற்பவை என்பதால் காது அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, செழிப்பாக எடுத்துக்கொள்கிறது.

இதைவிட வியப்பு ஒன்று. ஒரே வேலையை இரண்டு பவர் வால்வுகள் எதிரெதிராகப் பங்கிட்டுச் செய்யும் புஷ்-புல் அமைப்பில், அந்த இரண்டாம் ஹார்மோனிக் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மறைந்துபோகும். இரண்டு வால்வும் பொருத்தமாக இருக்கும்வரைதான் இது நடக்கும். அதனால்தான் பவர் வால்வை ஜோடி பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். ஜோடி சேராவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதியில் மின்னோட்டம் கூடுதலாகிப்போய், பாஸ் ஒலி கெட்டுவிடும்.

உலகத்தில் அதிகம் பேர் வால்வு மாற்றிப் பார்த்த ஆம்ப்ளிஃபையர்களில் ஒன்று டைனாகோ ஸ்டீரியோ 70. டேவிட் ஹாஃப்ளரின் அமெரிக்க நிறுவனம் 1959-இல் வெளியிட்டது. 99.95 டாலருக்குப் பெட்டியில் உதிரியாக வரும், வாங்கியவரே வீட்டு மேசையில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும்! ஒரு சேனலுக்கு 35 வாட். நான்கு இஎல்34, இரண்டு 7199, ஒரு ஜிஇசட்34. மூன்று லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். நான்கு இஎல்34-இன் ஹீட்டர்கள் மட்டுமே 6 ஆம்பியர் குடிக்கும். ஒரு சொட்டு இசை வருமுன்பே சுமார் 38 வாட் சூடு!

இதில் இஎல்34 மாற்றினால் பயாஸை, அதாவது பாட்டே இல்லாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தை, சரிசெய்தே ஆகவேண்டும். அதற்கு டைனாகோ வைத்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் கைதட்டத் தோன்றுகிறது! ஒரு சேனலின் இரண்டு வால்வுகளுக்கும் பொதுவாக 15.6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டார்கள். மல்டிமீட்டரை வைத்து, திருகைத் திருப்பி, 1.56 வோல்ட் காட்டினால் நிறுத்திவிட வேண்டும். 1.56-ஐ 15.6-ஆல் வகுத்தால் 0.1 ஆம்பியர், ஆளுக்கு 50 மில்லி ஆம்பியர். கணக்கே தெரியாதவரும் சரியாக வைத்துவிடலாம். இன்னொரு விவரம்: அந்த நாளைய சுவர் மின்சாரத்தைவிட இன்று வோல்டேஜ் கூடுதலாக வரும் இடங்களில், 1.56-க்குக் கொஞ்சம் கீழே வைத்தால் வால்வு நீண்ட நாள் உழைக்கும்.

7199-இன் கதை வேறு. தயாரிப்பு நின்று தட்டுப்பாடு வந்தபோது, குணத்தில் நெருங்கிய 6யூ8ஏ பக்கம் பலர் திரும்பினார்கள். இரண்டிலும் 9 பின்கள்தான், சாக்கெட்டில் அழகாகப் போய் உட்காரும். ஆனால் எந்தப் பின் எதற்கு என்ற வரிசை வேறு! இடையில் அடாப்டர் போடாமல் நேரே செருகினால் போச்சு. அதேபோல் 12ஏஎக்ஸ்7 இடத்தில் 6டிஜே8-ஐச் செருக முடியும், ஆனால் செருகக் கூடாது. ஹீட்டர் இணைப்பே வேறு. சாக்கெட்டில் பொருந்திவிட்டது என்பது வால்வு பொருந்திவிட்டது என்பதற்குச் சான்றே அல்ல.

ரெக்டிஃபையரிலும் இப்படி ஒரு பொறி. ஜிஇசட்34-இன் ஹீட்டர் கேட்பது 1.9 ஆம்பியர். அதே சாக்கெட்டில் போகும் 5யூ4ஜி கேட்பது 3 ஆம்பியர். அத்தனையும் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்காமல் மாற்றினால், கிடைத்தற்கரிய பழைய டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துவிடும்.

12ஏஎக்ஸ்7 இடத்தில் பின் வரிசை ஒத்துப்போகும் சொந்தக்காரர்களும் உண்டு. பெருக்கும் திறனில் 12ஏஎக்ஸ்7 100 என்றால், 5751 சுமார் 70, 12ஏடி7 60, 12ஏயூ7 20-க்கும் கீழே. ஒலி அதிகமாகிப் பிளிறும் கருவியில் 5751 போட்டுப் பார்ப்பது நல்ல யோசனை. ஆனால் ரெக்கார்டு ஊசியின் ஒலியை வாங்கும் ஃபோனோ பகுதியில் 12ஏயூ7 போட்டால் பாட்டே ஈனஸ்வரத்தில்தான் வரும். இங்கே காது செய்யும் மாயம் ஒன்று தெரியுமா? இரண்டு ஒலிகளில் கொஞ்சம் சத்தமாக இருப்பதையே 'தரமானது' என்று காது சொல்லிவிடும்! வால்வு மாற்றி ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். வானளாவப் புகழப்படும் பல வேறுபாடுகள் அந்த இடத்திலேயே சுருங்கிவிடும். ஒரே வகை வால்வில், இரண்டும் நல்ல நிலையில் இருந்தால், வித்தியாசம் சிறியதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. தேய்ந்த வால்வுக்கும் நல்ல வால்வுக்கும் உள்ள வித்தியாசம்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

அப்படியானால் பழைய வால்வை எப்படிப் பார்த்து வாங்குவது? அச்சடித்த பெயரை நம்பவே வேண்டாம்! ஆலைகள் ஒன்றுக்கொன்று வால்வு விற்று, வாங்கியவர் தம் பெயரை அடித்துக்கொள்வது அன்று சாதாரணம். இன்று கடையில் கிடைக்கும் புதிய 'முல்லார்டு', 'டங்-சோல்', 'கோல்டு லயன்' வால்வுகள் ரஷ்யாவின் சரடோவ் நகர ஆலையில் பிறந்தவை. பெயர்கள் மட்டும் பழையவை. ஆகவே கண்ணாடியைப் படியுங்கள். டெலிஃபுங்கன் வால்வென்றால் அடியில் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே ஒரு சிறு வைரக்கட்டம் வார்த்திருக்கும். முல்லார்டு, ஃபிலிப்ஸ் குடும்பம் என்றால், கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலாக இரண்டு வரிகள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இரண்டாம் வரி 'பி4சி2' என்று இருக்கிறதென்று வையுங்கள். 'பி' என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை. '4' ஆண்டின் கடைசி இலக்கம். 'சி' மூன்றாம் மாதம், மார்ச். '2' இரண்டாம் வாரம். 'பி' இருக்கும் இடத்தில் முக்கோணம் இருந்தால் அது நெதர்லாந்தின் ஹேர்லன் ஆலை. அரை நூற்றாண்டுக்கு முன் எந்த ஊரில், எந்த வாரத்தில் செய்தார்கள் என்பதுவரை உங்கள் உள்ளங்கையில்!

உச்சியில் வெள்ளிபோல் மின்னுகிறதே, அது பேரியம். உள்ளே தப்பித் தவறி மிஞ்சும் வாயுவை விழுங்குவதற்காகப் பூசியது. அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பவர் வால்வின் கண்ணாடிச் சுவரில் படரும் நீல ஒளியைக் கண்டு பயப்படாதீர்கள், அதனால் கெடுதல் இல்லை. உள்ளே தகடுகளுக்கு நடுவே ஊதா இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் வாயு சேர்ந்திருக்கிறது. வெளித்தகடே தணல்போல் சிவந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள்! சிறிய வால்வை பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணி அடித்தால் அது மைக்ரோஃபோனிக், ஃபோனோ பகுதிக்கு ஆகாது.

வால்வென்றால் நோஞ்சான் என்று நினைப்பவர்களுக்கு: 1956-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தொலைபேசிக் கேபிளில் ஒலியைப் பெருக்கியவை வால்வுகளே. 1978 வரை அந்தக் கேபிள் உழைத்தது! 1976-இல் சோவியத் விமானி பெலென்கோ மிக்-25 போர் விமானத்தோடு ஜப்பானின் ஹகோடாடேயில் வந்து இறங்கினார். பிரித்துப் பார்த்த அமெரிக்கர்கள், அதன் மின்னணுக் கருவிகளில் வால்வுகள் இருப்பதைக் கண்டு திகைத்துப்போனார்கள்.

பழைய கருவிக்குப் புது வால்வு வாங்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பவர் வால்வுகளைக் கொல்வது பெரும்பாலும் வால்வின் குறை அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சர். வயதாகி அது கசிந்தால், வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் இருக்க வேண்டிய எதிர் வோல்டேஜ் குறைந்து, மின்னோட்டம் எகிறி, தகடு சிவந்துவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வால்வு சில நிமிடத்தில் போய்விடும்! கண்டென்சரோ சில பத்து ரூபாய்ச் சாமான். முதலில் அதை மாற்றுங்கள். ஸ்டீரியோ 70 போன்றவற்றில் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் ஃபில்டர் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். வால்வு செட் பழகிய மெக்கானிக் கையால் செய்வதே உயிருக்கு நல்லது.

கடைசியாக, நம் வீட்டுச் செய்தி. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இலிருந்து ரேடியோ வால்வுகளைச் செய்தது. இலங்கை வானொலி கேட்ட எத்தனையோ செட்டுகளில் 'பிஇஎல்' முத்திரை இருந்தது. இன்று அந்த இசிசி83-களை வெளிநாட்டு ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள்! உங்கள் வீட்டுப் பரணில் வால்வு ரேடியோ ஏதாவது கிடந்தால், அப்படியே எடைக்குப் போடாதீர்கள். காயலான் கடைக்குக் கொண்டுபோகும் முன் வால்வுகளை நேராக, மெல்ல உருவி எடுங்கள். எழுத்து அழிந்துவிடாமல் துணியில் சுற்றி, எண்ணைத் தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். எங்கோ ஒரு பழைய ஆம்ப்ளிஃபையருக்கு அந்த எண்தான் வேண்டியிருக்கும்.